சவுக்காரத்துக்கு மணம் வந்த கதை

தக்கலையில் என் மைனி வீட்டுச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு உண்டு. விறகும் தேங்காய்மட்டையும் அடுக்கி வைத்திருந்த அந்த இடத்தில் சில காலமாக அவர் சோப்பு காய்ச்சுகிறார். கட்டிச் சோப்பு இல்லை, கைகழுவும் திரவ சோப்பு. வீட்டுத் தேங்காயை ஆட்டிய எண்ணெயைச் சூடாக்கி, காஸ்டிக் பொட்டாஷ் கரைத்த நீரை அதில் விட்டு, பொறுமையாகக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் மோர்போல வெளுத்து, பிறகு கூழாகி, கடைசியில் கண்ணாடிபோலத் தெளிந்த பசையாக அது மாறும். அந்தப் பசையை வெந்நீரில் கரைத்தால் வேலை முடிந்தது. இதுவரை அவருக்குச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் மணத்தில் வந்தது.

கடையிலிருந்து இரண்டு சிறு புட்டிகள் வாங்கி வந்திருந்தார். ஒன்று எலுமிச்சை, மற்றது வயலட். ஒரே நாளில், ஒரே சூட்டில், ஒரே அளவில் இரண்டு பாத்திரங்களில் அவற்றை ஊற்றினார். எலுமிச்சை ஊற்றிய அன்று தெருவே மணத்தது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது அதில் எலுமிச்சை இல்லை. சோப்பு மட்டும் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. வயலட் ஊற்றியது முதல்நாள் இருந்தபடியே இருந்தது. நான் போயிருந்தபோது இரண்டையும் என் முன் வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, வாசனைய எப்பம் ஊத்தணும்? அடுப்புல இருக்கப்பமா, ஆறினதுக்குப் பொறவா? அப்பிடியே எப்பம் ஊத்தினாலும், இது நிக்குது, அது போயிட்டே. அது என்னத்துக்கு?”

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஆறிய பிறகு. இரண்டாவது கேள்விக்கு விடை தேடப்போய் நான் சென்றுசேர்ந்த இடம் திருவிதாங்கூரின் மலைச்சரிவுகள். அவர் இழந்த மணமும் அவரிடம் தங்கிய மணமும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. ஒன்று தாய், மற்றது ஐரோப்பாவுக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்த பிள்ளை.

சோப்புக்கு ஏன் மணம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். நம் ஊரில் குளிப்பதற்குத் தனியாக ஒரு மணம் தேவைப்பட்டதில்லை. பயற்றுமாவு பயற்றுமாவாக மணத்தது. சீயக்காய் சீயக்காயாக மணத்தது. செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த தாளிக்குப் பச்சிலை வாசம். இஞ்சைப் பட்டையைத் தட்டி நாராக்கி உடம்பு தேய்த்த தலைமுறை எங்கள் பக்கத்தில் அண்மைக்காலம் வரை இருந்தது. அதற்கு ஈரமரத்தின் மணம். கஸ்தூரிமஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவை சேர்க்கப்பட்டபோதும் அவை எதையும் மறைப்பதற்காகச் சேர்க்கப்படவில்லை. அழுக்கை நீக்கும் பொருளும் மணம் தரும் பொருளும் ஒரே அம்மியில் அரைபட்டன.

சவுக்காரம் என்ற சொல் துணிக்கு உரியதாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் சவர்க்காரம் என்றுதான் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். மில்க்வைற் சவர்க்காரத்தை நினைவுகூரும் ஈழத்து நண்பர்கள் பலர் உண்டு. நம் பாட்டிகள் துணிக்குச் சவுக்காரம், மேலுக்கு ‘வாசனை சோப்பு’ என்று பிரித்துப் பேசியவர்கள். அந்த அடைமொழியைக் கவனிக்கவேண்டும். சோப்பு என்பது வாசனையால்தான் சவுக்காரத்திலிருந்து வேறுபட்டு உடம்பைத் தொடும் தகுதி பெற்றது.

ஐரோப்பியச் சோப்பில் மணம் நுழைந்ததற்குக் காரணம் வேறு. வடக்கு ஐரோப்பாவில் சோப்பின் மூலப்பொருள் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பும் ஆட்டுக்கொழுப்பும். மத்தியதரைக்கடல் ஓரத்தில் ஒலிவ எண்ணெய் கிடைத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கொழுப்பின் வாடையோடு குளித்தார்கள், அல்லது குளிக்காமல் இருந்தார்கள். விண்ட்சர் சோப்பு என்று புகழ்பெற்ற பழுப்புநிறச் சோப்பில் சீமைச்சோம்பும் கிராம்பும் லவங்கப்பட்டை எண்ணெயும் சேர்த்ததன் முதல் நோக்கம் கொழுப்பின் வாடையை அமுக்குவது. பிரிட்டனில் சோப்பின்மீதான வரி 1853இல் நீக்கப்பட்டது. அதன்பிறகு சோப்பு பெருந்தொழிலாயிற்று. பெருந்தொழிலுக்கு மலிவான மணம் தேவைப்பட்டது. இலங்கையின் தென்கோடியில் காலி, மாத்தறைப் பக்கம் வடிக்கப்பட்ட சிட்ரோனெல்லாப் புல்லெண்ணெய் மலிவான சோப்புகளில் கொட்டப்பட்டது அப்படித்தான். அதில் மண்ணெண்ணெய் கலந்து விற்றவர்களும் உண்டு. கலப்படத்தைக் கண்டுபிடிக்க லைப்சிக் நகரத்து ஷிம்மல் நிறுவனம் ஒரு சோதனையை உருவாக்கவேண்டி வந்தது என்பதே அந்த வியாபாரத்தின் அளவைச் சொல்லும்.

வாடையை மறைக்கும் இந்த அவசியம் நம் கரையையும் ஒருமுறை தொட்டது. மதராஸ் மாகாணத்தின் மீன்வளத் துறையை உருவாக்கிய சர் ஃபிரெடெரிக் நிக்கல்சன் மத்தி மீனின் எண்ணெயிலிருந்து சோப்பு செய்து பார்த்தார். மலபார்க் கரையில் மத்தி குவியும். அதன் எண்ணெயை வீணாக்குவானேன் என்பது அவர் எண்ணம். 1914இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சோப்பு நிலையத்தின் மூலக்கதை இதுதான். மீனெண்ணெய்ச் சோப்பு காப்பித் தோட்டங்களில் பூச்சியை விரட்டப் பயன்பட்டது. மனிதர்களின் மேலுக்கு அது ஏறவில்லை. எந்த வாசனையை ஊற்றினாலும் மத்தி மத்தியாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா. தேங்காயெண்ணெய்க்கு அந்தச் சிக்கல் கிடையாது. நன்றாகக் காய்ந்த கொப்பரையின் எண்ணெயில் காய்ச்சிய சோப்பு ஏறத்தாழ மணமற்றது. அதில் ஊற்றும் எதுவும் தன் குரலிலேயே பேசும்.

உலகச் சந்தையில் சிறந்த தேங்காயெண்ணெய்க்குக் ‘கொச்சின் ஆயில்’ என்று பெயர். சிறந்த எலுமிச்சைப்புல் தைலத்துக்கும் கொச்சின் என்றே பெயர். இரண்டுமே பெருமளவு திருவிதாங்கூரில் விளைந்தவை. கப்பலேறிய துறைமுகத்தின் பெயரைச் சுமந்தவை. தக்கலையும் கல்குளமும் முதலில் அந்தத் திருவிதாங்கூரின் பகுதிகள், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதிகள் என்பதை இளைஞர்களுக்கு நினைவூட்டவேண்டியிருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு வரும் சுற்றுலாப்பயணிகள் தமிழ்நாட்டுக்குள் கேரளத் தொல்லியல் துறையின் காவலர் நிற்பதைக் கண்டு குழம்புவதும் இதனால்தான்.

எலுமிச்சைப்புல்லை எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. புல்தைலம் என்றால்தான் தெரியும். முட்டுவலிக்குத் தேய்ப்பார்கள், தரை துடைக்கும் தண்ணீரில் நாலு சொட்டு விடுவார்கள். சிவந்த தண்டுள்ள அந்தப் புல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் தானாக வளர்வது. கோடையில் காய்ந்த தாள்களுக்குத் தீவைப்பார்கள். இடவப்பாதி மழை விழுந்ததும் கரிந்த தூரிலிருந்து புதுப்புல் சீறிக்கொண்டு வரும். அதை அறுத்து, ஓடைக்கரையில் மூட்டிய வாற்று அடுப்பில் செம்புப் பாத்திரத்தில் அடைத்து, நீராவியோடு எண்ணெயை இறக்குவார்கள். நூறு கிலோ பச்சைப்புல்லிலிருந்து அரைக்கிலோ தைலம் கிடைத்தால் அது நல்ல புல். சாராயம் வாற்றுவதற்கும் இதற்கும் பாத்திரத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. அதனால் மலையடிவாரங்களில் இந்தத் தொழிலின்மேல் அதிகாரிகளுக்கு எப்போதும் ஒரு கண் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தத் தைலம் ஏற்றுமதிச் சரக்காயிற்று. ஐரோப்பியச் சோப்புக்காரர்கள் அதை ‘வெர்பினா’ மணத்துக்காக வாங்கினார்கள். அதுவரை அது பத்தோடு பதினொன்றான ஒரு வாசனைச் சரக்கு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாற்றியது 1893.

ஐரோப்பாவில் அக்காலத்தில் உயர்ந்த மணமாகக் கருதப்பட்டது வயலட் பூவின் மணம். சிறிய, ஊதாநிறப் பூ. நம் முல்லைக்கும் பிச்சிக்கும் பழகிய மூக்குக்கு அதன் மெல்லிய மாவுவாசம் முதலில் பிடிபடாது. ஒருகணம் மணக்கும், மறுகணம் மறைந்துவிடும், பிறகு மீண்டும் வரும். பூ மறைவதில்லை, நம் மூக்குத்தான் சோர்ந்து மீள்கிறது. ஏராளமான பூவை வாட்டினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் சத்து கிடைக்கும். அதன் விலை தங்கவிலை. அதற்கு மாற்றாக, ஆண்டுக்கணக்கில் உலரவைத்த ஓரிஸ் கிழங்கைப் பயன்படுத்தினார்கள். அதுவும் மலிவில்லை.

பெர்லினில் ஃபெர்டினாண்ட் டீமன் என்ற வேதியியலாளர் இருந்தார். 1874இல் வில்ஹெல்ம் ஹார்மனுடன் சேர்ந்து வனிலாவின் மணப்பொருளான வனில்லினைச் செயற்கையாக உருவாக்கியவர். ஹார்மனின் தொழிற்சாலை ஹோல்ஸ்மிண்டன் என்ற சிற்றூரில் இருந்தது. டீமனும் அவருடைய உதவியாளர் பால் குரூகரும் ஓரிஸ் கிழங்கின் மணப்பொருளை உருவாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த முயற்சியில் அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருள் சிட்ரால். எலுமிச்சையின் மணத்துக்கு உயிராக இருப்பது சிட்ரால்தான். ஆனால் எலுமிச்சைத்தோல் எண்ணெயில் அது சிறு பங்கே. நம் புல்தைலத்திலோ முக்கால் பங்குக்குமேல் சிட்ரால்.

சிட்ராலை அசிட்டோனுடன் காரத்தின் முன்னிலையில் சேர்த்தார்கள். கிடைத்த பொருளுக்குச் சொல்லும்படியான மணம் இல்லை. அதைக் காய்ச்சிய அமிலத்துக்கு உட்படுத்தியபோது அது வளைந்து ஒரு வளையமாக மூடிக்கொண்டது. வயலட் மணத்தது. கண்ணாடிப் பாத்திரத்தைக் கந்தக அமிலத்தால் கழுவும்போதுதான் அந்த மணம் எழுந்தது என்று ஒரு கதை வேதியியலாளர்களிடையே சொல்லப்படுவதுண்டு. கதை உண்மையோ இல்லையோ, அயனோன் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருளுக்கு 1893இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் தேடிய ஓரிஸ் மணப்பொருள் அது இல்லை, அதற்கு நெருங்கிய உறவு என்பது பின்னால்தான் தெரிந்தது. வியாபாரத்துக்கு அதனால் குறை ஒன்றும் வரவில்லை.

மைனியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சிட்ரால் காரத்தில் நிம்மதியாக இருக்கமுடியாத பொருள். சோப்பு எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் அது காரத்தன்மை உடையதுதான். அதில் விழுந்த சிட்ரால் தானும் உடைந்து, தன் துண்டுகளோடும் பிறவற்றோடும் ஒட்டி, மணத்தை இழந்து மஞ்சளாகிறது. அயனோன் அப்படிச் சீக்கிரத்தில் உடைவதில்லை. அது பிறப்பதற்கே முதலில் காரம் தேவைப்பட்டது. எந்தக் காரம் எலுமிச்சையின் மணத்தைச் சோப்பில் தின்றுவிடுகிறதோ, அதே காரம்தான் ஹோல்ஸ்மிண்டன் தொழிற்சாலையில் அந்த மணப்பொருளை அசிட்டோனோடு கோத்து வயலட்டின் முதல் படியை அமைத்தது. சோப்புக்காரர்கள் அயனோனைக் கொண்டாடியதில் வியப்பில்லை. வெள்ளைச் சோப்பில் ஊற்றினால் நிறம் கெடாது, பெட்டியைத் திறக்கும்வரை மணமும் போகாது. முகப்பவுடர் என்றதும் நம் நினைவுக்கு வரும் அந்த மாவுமணத்தில் அயனோன் வகைகளுக்குப் பெரும் பங்குண்டு. நம் அம்மாக்களின் தகரடப்பாக்களுக்குள் அடைபட்டிருந்தது வயலட்டின் மணம். அந்தப் பூவை அவர்கள் பார்த்ததே இல்லை.

ஆக ஒரே கரையிலிருந்து இரண்டு பொருட்கள் போயின. எண்ணெய் சோப்பின் உடலாயிற்று, தைலம் அதன் மணமாயிற்று. இரண்டும் சேர்ந்து அச்சிட்ட தாளில் பொதிந்து திரும்பி வந்தன. 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் இறங்கின. இங்கிலாந்தில் செய்தது என்ற முத்திரை அதன்மேல். பருத்தித்துணியின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம், பள்ளிப்புத்தகத்திலேயே இருக்கிறது. சோப்பின் கதை அதே கதைதான். அதைப் பாட்டாகப் பாட யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

பதிலடி மைசூரிலிருந்து வந்தது. 1914இல் போர் மூண்டதும் ஜெர்மனிக்குச் சந்தனக்கட்டை போவது நின்றது. ஏலமெடுக்க ஆளில்லாமல் மைசூர் அரசின் கிடங்குகளில் கட்டை குவிந்தது. கட்டையாக விற்காமல் தைலமாக வடித்தால் என்ன என்ற கேள்வியை அன்று தொழில்துறையைக் கவனித்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் எழுப்பினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோவும் வாட்சனும் வடித்துக் காட்டினார்கள். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலம். 1916இல் தைலத் தொழிற்சாலை தொடங்கியது. லண்டனுக்குப் போய்ச் சோப்பும் வாசனையும் கற்றுவந்த எஸ்.ஜி. சாஸ்திரியின் கையில் 1918 முதல் மைசூர் சாண்டல் சோப்பு உருவானது. இந்தக் கதையைத் தொழில்முனைவோர் கூட்டங்களில் உற்சாகமாகச் சொல்கிறார்கள். அதில் விடுபடும் நுட்பம் ஒன்று உண்டு. சந்தனத்தைத் தேர்ந்தது தேசப்பற்றால் மட்டும் அமைந்ததில்லை, வேதியியலும் அதற்கு இடம்கொடுத்தது. சந்தனத்தின் மணப்பொருளான சாண்டலால் ஓர் ஆல்கஹால். கனமானது, மெதுவாக ஆவியாவது, காரத்துக்கு அஞ்சாதது. தன்னோடு சேர்ந்த இலேசான மணங்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கன்னோஜில் அத்தர் வடிக்கிறவர்கள் பூவின் ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்கியது இதனால்தான்.

அத்தர் என்றதும் தக்கலை நினைவுக்கு வராமல் போகாது. ஞானப்புகழ்ச்சி பாடிய பீர்முகம்மது அப்பாவின் தர்கா ஊரின் நடுவில் இருக்கிறது. ஆண்டுவிழா நாட்களில் அங்கே கூட்டத்தோடு நடந்தால், பஞ்சுத்துண்டில் தொட்டுக் காதுமடலில் செருகிய அத்தரின் மணம் கூடவே வரும். சிறுவயதில் அதைப் பூவின் மணம் என்று நினைத்திருந்தேன். அடியில் பிடித்து நின்றது சந்தனம், அல்லது சந்தனத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்த வேறொன்று.

புல்தைலத்துக்கு மைசூரைப்போல ஒரு திவான் வாய்க்கவில்லை. வடித்தவர்கள் சிதறிக்கிடந்த சிறு ஆட்கள். வாங்கியவர்கள் துறைமுகத்து ஏற்றுமதியாளர்கள். தைலத்திலிருந்து சிட்ராலைப் பிரித்து அயனோனாக்கும் நுட்பம் அந்தக் கரையில் அன்று வேர்விடவில்லை. ஆனாலும் கொஞ்சகாலம் அவர்களுக்கு நல்லநேரம் வாய்த்தது. 1947இல் பாசல் நகரத்து ஹோஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லர் குழுவினர் வைட்டமின் ஏயைச் செயற்கையாக உருவாக்கும் வழியைக் கண்டார்கள். அதன் தொடக்கப்பொருள் பீட்டா அயனோன். வாசனைக்காக வடித்த புல் திடீரென்று மருந்தின் மூலப்பொருளாயிற்று. 1951இல் பெரும்பாவூர் அருகே ஓடக்காலியில் எலுமிச்சைப்புல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. சுகந்தி என்ற ரகம் அங்கே உருவானதுதான்.

நல்லநேரம் நீடிக்கவில்லை. வைட்டமின் ஏ பெருந்தொழிலானதும் அதன் முதலாளிகள் மழையையும் மலைவியாபாரிகளையும் நம்பியிருக்க விரும்பவில்லை. சிட்ராலையும் அயனோனையும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் எளிய மூலக்கூறுகளிலிருந்தே கட்டியெழுப்பக் கற்றுக்கொண்டார்கள். இயற்கைச் சிட்ரால்தான் வேண்டும் என்றவர்களுக்குச் சீனத்திலிருந்து லிட்சியா கியூபெபா என்ற மரத்தின் காயெண்ணெய் மலிவாக வந்தது. கொச்சின் தைலம் சந்தையின் ஓரத்துக்குப் போயிற்று. வாற்று அடுப்பு எரிந்த சரிவுகள் பலவற்றில் ரப்பர் வந்தது. புல்லுக்குக் கோடையில் தீவைத்தவர் ரப்பருக்கு விடியற்காலையில் கத்தி வைக்கிறார். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. செயற்கைச் சிட்ரால் இல்லாவிட்டால் இன்றைய தேவைக்கு எத்தனை மலைகளைப் புல்லாக்கவேண்டியிருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கவேண்டும். சந்தனத்தைப் பொறுத்தவரை செயற்கை மணம் வந்தது நல்லதென்றே சொல்வேன். மரத்தை வேரோடு பிடுங்கித் தைலம் எடுக்கும் தொழில் அது.

எனக்கு உறுத்துவது வேறு. மைனியின் கையில் இருந்த இரண்டு புட்டிகளிலும் பழத்தின் படமும் பூவின் படமும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ‘பர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல். தாளி இடித்த கைக்கு எந்த இலை எப்போது வாடும், எதை எதனோடு அரைக்கக்கூடாது என்பது தெரிந்திருந்தது. புட்டியை ஊற்றும் கைக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது. இது வெறும் ஆதங்கம் இல்லை. சிட்ரால், லினலூல், கிராம்பின் யூஜினால் போன்றவை சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். அவை உள்ளிட்ட 26 மணப்பொருட்கள் ஓர் அளவுக்குமேல் இருந்தால் பெயரை அச்சிடவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதித்தது. லிலியால் என்று ஒரு மணப்பொருள், பல சோப்புகளில் பல்லாண்டுகள் இருந்தது, 2022இல் அங்கே தடைசெய்யப்பட்டது. இயற்கைத் தைலம் என்பதனால் ஆபத்தில்லை என்றும் எண்ணவேண்டாம். தோலுக்குப் புல்லில் பிறந்த சிட்ராலும் ஆலையில் பிறந்த சிட்ராலும் ஒன்றுதான்.

அன்று சாய்ப்பில் உட்கார்ந்து மைனிக்கு இவற்றையெல்லாம் சொல்லவில்லை. சொன்னது வேலைக்கு ஆகும் சில செய்திகள். பசையை நீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகே மணத்தை விடவேண்டும். நூறு கிராம் சோப்புக்கு ஒரு கிராம் போதும், இரண்டைத் தாண்டினால் மணம் கூடுவதைவிடத் தோல் எரிவதும் சோப்பு கலங்குவதும்தான் நடக்கும். கலங்கலுக்குக் காரணம் எண்ணெய் நீரில் கரையாதது. சோப்பு ஓரளவுக்கு அதைத் தாங்கும், மீறினால் மேலே படலமாக மிதக்கும். மணத்தை முதலில் கொஞ்சம் துருக்கிச் சிவப்பு எண்ணெயில் குழைத்துக்கொண்டு ஊற்றினால் தெளிவாகவே நிற்கும். அது ஆமணக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தால் பதப்படுத்திய பொருள், சாயத்தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டில் உருவானது, நீரோடும் எண்ணெயோடும் ஒட்டும்.

“அப்பம் கிராம்புத் தைலம் விட்டா நிக்குமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1800ஐ ஒட்டிக் குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்த கிராம்புக் கன்று, அங்கிருந்து தெற்கே எங்கள் மலைகளுக்கு இறங்கி, மாறாமலையிலும் வீரப்புலியிலும் நிலைகொண்டது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. நிற்கும், ஆனால் காரம் பட்டதும் சோப்பு பழுப்பாகிவிடும் என்றேன். விண்ட்சர் சோப்பின் நிறம் நினைவுக்கு வந்தது. தோவாளையிலிருந்து பிச்சிப்பூ வாங்கிப் போட்டால் என்று அடுத்த கேள்வி. பிச்சியையும் மல்லிகையையும் ஆவியில் வடித்தால் மணம் வராது, வெந்த பூவின் வாடைதான் வரும். பிரான்ஸில் கிராஸ் நகரத்தில் அதைக் கொழுப்பின்மேல் பரப்பிவைத்து மணத்தை உறிஞ்சினார்கள். வட இந்தியாவில் அதற்கும் முன்பே எள்ளும் பூவும் அடுக்கடுக்காக வைத்து, பூவை மாற்றி மாற்றி, மணமேறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். அப்படியே எடுத்தாலும் மல்லிகை மணத்தின் பெரும்பங்கான பென்சைல் அசிடேட்டைக் காரம் சிதைத்துவிடும். கடையில் மல்லிகைச் சோப்பு என்று விற்பது காரத்துக்குத் தாக்குப்பிடிக்கும்படி கட்டிய இன்னொரு மல்லிகை.

நீண்டநேரம் யோசித்தார். பிறகு நாட்டுமருந்துக் கடையிலிருந்து ஒரு புட்டி புல்தைலம் வாங்கிவரச் சொன்னார். “அதுவும் நிக்காது மைனி, எலுமிச்சைக்கு ஆன கதைதான்” என்றேன். “தெரியும்லா. எங்க அப்பா முட்டுக்குத் தேய்ச்ச வாசம். எனக்கு அது மதி” என்றார்.

இப்போது பெரிய அளவில் காய்ச்சுவதில்லை. பசையாகவே வைத்திருந்து, யாராவது கேட்டால் அன்றைக்குக் கொஞ்சம் கரைத்து, ஆறவைத்து, நாலு சொட்டு விட்டுக் கொடுக்கிறார். அக்கம்பக்கத்தில் ஏழெட்டு வீடுகள். புட்டியை நீட்டும்போது மறக்காமல் சொல்வார்: “பத்து நாளைக்குள்ள தீத்துரணும் கேட்டியளா, அதுக்குப் பொறவு வாசம் இருக்காது.”